எங்க அப்பத்தா கேட்ட கேள்விகள்

மலருக்குப் பழைய விஷயம் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் அக்கா கேட்டார்கள். எங்க ஊரில் குழு ஆரம்பித்த வரலாற்றை எழுதலாம் என்றுதான் நோட்டை எடுத்தேன். எழுத எழுத எங்க அப்பத்தாதான் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் அப்பத்தாவின் கதையையே எழுதிவிட்டேன். நம்ம ஜில்லாவின் வரலாற்றில் பாதி அதற்குள் இருக்கிறது. அப்பத்தாவை ‘வந்தது, சொன்னது’ என்று எழுதுவதை மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். எங்க பக்கம் வீட்டில் பெரிய மனுஷியை அப்படித்தான் சொல்லுவோம்.

அப்பத்தா பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. ரேஷன் கார்டில் ஒரு வயசு, ஓட்டு அட்டையில் ஒரு வயசு. ஆதாரில் 1.1.1936 என்று இருக்கும். போட்டோ எடுக்க வந்த தம்பி முகத்தைப் பார்த்து அவராகவே ஒரு வருஷம் போட்டுக்கொண்டார். நாங்கள் வேறு விதமாகக் கணக்குப் போட்டோம். “ராசாகிட்ட இருந்து சர்க்காருக்குப் போச்சே, அப்ப ஒங்க பெரியப்பன் வயித்துல இருந்தான், எனக்குப் பத்தொம்பது” என்று அப்பத்தா சொல்லும். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது 1948 மார்ச் 3ஆம் தேதி. அப்படியென்றால் 1929 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். 2022 மாசி மாதம் இறந்தபோது 93 வயசு. ஆதார் கணக்கில் 86தான். அந்த ஏழு வருஷம் எங்கே போனது என்று அப்பத்தாவே கேட்டுச் சிரிக்கும்.

இளம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நம் ஜில்லா அப்போது தனி ராஜ்யம். தொண்டைமான் ராஜாக்கள் ஆண்டார்கள். சுற்றிலும் வெள்ளைக்காரன் சீமை, நடுவில் நம்ம ராஜா ஊர். நமக்கென்று சின்னதாக ஒரு செப்புக்காசு இருந்தது. அம்மன் காசு என்று பேர். ஒரு பக்கம் பிரகதாம்பாள் அம்மன், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்று இருக்கும். இருபது காசு சேர்ந்தால் ஓர் அணா. நவராத்திரிக்கு அரிசியோடு அந்தக் காசையும் தானமாகக் கொடுப்பார்களாம். அப்பத்தாவின் சுருக்குப்பையில் ஒரு அம்மன் காசு கடைசிவரை கிடந்தது. அந்தப் பக்கம் என்ன எழுதியிருக்கு என்று ஊருக்கு வந்த வாத்தியார் ஒருவர் விடாமல் கேட்டு, அது தமிழ் இல்லை என்று தெரிந்துகொண்டபோது அப்பத்தாவுக்குப் பெரிய ஆறுதல். “நமக்குப் படிக்கத் தெரியலன்னு நெனச்சேன், வாத்தியாருக்கும்தான் தெரியல” என்று சொல்லும்.

அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கேள்வி கேட்பதற்குப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லையே. ஊருக்குள் யார் வந்தாலும் விடாது. நிலம் அளக்க வந்த சர்வேயர், கரண்டு கம்பம் நட வந்தவர்கள், தடுப்பூசி போட வந்த நர்சம்மா, பஸ் கண்டக்டர் என்று ஒருத்தர் பாக்கியில்லை. இது என்ன, எதுக்கு, எங்கே இருந்து வருது, இல்லாட்டி என்ன ஆகும் என்று வரிசையாகக் கேட்கும். சிலர் பதில் சொல்வார்கள், சிலர் எரிச்சல் படுவார்கள். எங்க தாத்தாவுக்கு வெட்கமாக இருக்குமாம்.

1952ல் முதல் தேர்தல். அப்போது ஓட்டுப்போட 21 வயசு ஆகியிருக்க வேண்டும். நிற்கிற ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல் சின்னம் ஒட்டியிருக்கும், நமக்குப் பிடித்த சின்னப் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். அப்பத்தா உள்ளே போய்ச் சீட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்து அதிகாரியிடம் கேட்டதாம். “பொட்டியெல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கு, ஒட்டுன தாளு விழுந்துட்டா யாரு பொட்டின்னு எப்படித் தெரியும்?” அவர் பதில் சொல்லாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம். வாக்குச்சாவடிக்குப் போன பெண்கள் எல்லாம் வீட்டுக்காரர் சொன்ன பெட்டியில் போட்டுவிட்டுத் தலைகுனிந்து வந்த காலம் அது.

எனக்கு ரொம்பப் பிடித்தது நயாபைசா கதைதான். 1957 ஏப்ரல் 1ல் இருந்து ரூபாய்க்கு 100 நயாபைசா என்று சர்க்கார் மாற்றியது. அதற்கு முன்னால் ரூபாய்க்கு 16 அணா. இரண்டு காசும் சில வருஷம் சேர்ந்தே புழங்கின. ஓர் அணாவுக்கு 6 பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று கணக்கு. ஆலங்குடிச் சந்தையில் அப்பத்தா கடலைக்காய் விற்கும்போது ஓர் அணா ஓர் அணாவாகப் பிரித்து வாங்கினால் பதினாறு தடவைக்கு 96 பைசாதான் வருகிறது. பாக்கி 4 பைசா எங்கே? அன்றைக்கு ராத்திரி புளியங்கொட்டையை நூறு எண்ணி வைத்துப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததாம். மறுவாரம் முதல் சில்லறையாக விற்கிறபோது மூன்றணாக் கூறு, நாலணாக் கூறு மட்டும்தான். ஓர் அணாக் கூறு கிடையாது. வாங்குகிறபோது மட்டும் ஓர் அணா ஓர் அணாவாகக் கேட்டு வாங்குமாம். எழுத்து தெரியாத மனுஷி சர்க்கார் கணக்கில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அதிலே நாலு காசும் பார்த்தது. நம் குழுவில் வட்டிக் கணக்கு வரும்போதெல்லாம் எனக்கு இந்தப் புளியங்கொட்டை ஞாபகம்தான்.

அதற்குப் பிறகு பல வருஷம் பிள்ளை பெறுவது, நாற்று நடுவது, கமலையில் தண்ணீர் இறைப்பது, மாடு மேய்ப்பது என்று போய்விட்டது. ஆறு பெற்று நாலு தங்கியது. 1974 ஜனவரி 14, பொங்கல் அன்றைக்குப் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது. அதுவரை திருச்சி ஜில்லாவில் இருந்தோம். ராஜா இருந்த அரண்மனையே கலெக்டர் ஆபீஸ் ஆகிவிட்டது. சின்ன வயசில் இருந்தே அந்த அரண்மனைக்குள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க அப்பத்தாவுக்கு ஆசை. ஆனால் மனு கொடுக்கப் போகவும் பயம். எழுதத் தெரியாதே.

இந்த இடத்தில் ஒரு கஷ்டமான விஷயம் எழுத வேண்டும். ஒரு வறட்சி வருஷத்தில், அப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, எங்க கிணற்றடி நிலத்தை ஒருவரிடம் ஒத்திக்கு வைத்தார்கள். ஒத்தி என்றால் உங்களுக்குத் தெரியும், பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக நிலத்தை உழுது சாப்பிட்டுக்கொள்வார், பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் நிலம் திரும்ப வரும். தாத்தாவும் அப்பத்தாவும் பத்திரத்தில் கைநாட்டு வைத்தார்கள். நகல் ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடந்தது. பணம் சேர்ந்ததும் மீட்கலாம் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

1991ல் அறிவொளி இயக்கம் வந்தது. உங்களில் ஐம்பது வயசுக்கு மேலே இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மா முன்னால் நின்று நடத்தினார். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, விளக்கு வெளிச்சத்தில், கோயில் மண்டபத்திலும் திண்ணையிலும் மரத்தடியிலும் பாடம் நடந்தது. சொல்லிக் கொடுத்ததில் பாதிப்பேர் பள்ளிக்கூடம் படித்த நம்ம ஊர்ப் பெண்பிள்ளைகள்தான். சம்பளம் கிடையாது. எங்க சின்ன அத்தையும் சொல்லிக் கொடுத்தது. அப்பத்தா வயசுக்காரர்கள் அவர்கள் பட்டியலிலேயே கிடையாது. அவர்கள் தேடியது இளவயசுக்காரர்களை. அப்பத்தாவுக்கு அப்போது 62. மகள் நடத்துகிற வகுப்பில் போய் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டது.

அட்டையில் இருந்த வார்த்தையெல்லாம் அப்பத்தாவுக்கு வேண்டியதில்லை. “பட்டான்னு எப்படி எழுதுறது, அதச் சொல்லு மொதல்ல” என்று கேட்டதாம். அதற்கு அடுத்துத் தாத்தா பேர். எங்க பக்கத்தில் புருஷன் பேரைப் பொம்பளை சொல்லக்கூடாது. அப்பத்தா ஒரு நாளும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டாலும் பக்கத்தில் நிற்பவர்களைத்தான் சொல்லச் சொல்லும். “வாயால சொன்னாத்தானே தப்பு, எழுதுறதுக்கு என்ன?” என்று சிலேட்டில் எழுதிக்கொண்டு போய்த் தாத்தாவிடம் காட்டியது. தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கே என்று அவர் கேட்க, இதைச் சொல்ல முடியாதே என்று அப்பத்தா சிரிக்க, கடைசியில் சின்ன அத்தை வந்து படித்துக் காட்டியதாம்.

நம்ம ஜில்லா அறிவொளியில் வேறு எங்கும் இல்லாதபடிக்கு ஒன்று நடந்தது. அதுதான் சைக்கிள். வகுப்பு எடுக்கிற பெண்கள் ஊர் ஊராகப் போக வேண்டும், பஸ் கிடையாது, கூட வர ஆண் துணை எங்கே தேடுவது என்று கலெக்டர் அம்மா எல்லோரையும் சைக்கிள் பழகச் சொன்னார். வங்கிக் கடனில் சைக்கிள் வாங்கினார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஆம்பளை சைக்கிளையே வாங்கிச் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறினார்கள். நடுக்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம், அதனால் அதுதான் நல்லது என்றுகூடச் சொன்னார்கள். எங்க ஊர்க் கம்மாய்க்கரையில் சின்ன அத்தை பழகியபோது கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியது அப்பத்தாதான். அறுபத்தி ரெண்டு வயசில். ஊர் ஆம்பளைகள் பேசிய பேச்சை இந்த மலரில் எழுத முடியாது. அப்பத்தா அதையும் ஒரு கேள்வியாகத்தான் திருப்பியது. “பொம்பள தண்ணிக் கொடத்த நாலு மைலு தூக்கிட்டு வந்தா ஒங்களுக்குப் பேச்சு வரல, அதே கொடத்தச் சைக்கிள்ல வச்சுட்டு வந்தா மட்டும் ஏன் வருது?”

1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேலே பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டிக்கொண்டு மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை டவுனுக்குள்ளே போனார்கள். சின்ன அத்தையும் போனது. அப்பத்தா பஸ்ஸில் போய்ப் பார்த்தது. அன்றைக்கே கலெக்டர் ஆபீசுக்குள்ளும் நுழைந்து பார்த்துவிட்டு வந்தது. அரண்மனை எப்படி அப்பத்தா இருந்தது என்று கேட்டால், “ஒரே பைலு, ஒட்டடை அடிச்சுப் பல நாளாச்சு போல” என்று சொல்லும். அந்த வருஷம் ஆகஸ்டில் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். எழுதப் படிக்கப் பழகியவர்களில் பலர் பிறகு மறந்தும் போனார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். புத்தகம் கையில் இல்லாவிட்டால் எழுத்து தங்காது. அப்பத்தாவுக்குத் தங்கியதற்குக் காரணம், கடையில் சாமான் கட்டி வருகிற பொட்டலத் தாள் ஒன்றைக்கூடப் படிக்காமல் போடாது. பாதி கிழிந்த செய்தி என்றால் மீதி எங்கே என்று கடைக்கே போய்க் கேட்கும்.

அப்படிப் படிக்கப் பழகிய பிறகுதான் டிரங்குப் பெட்டியைத் திறந்தது. பத்திர நகலை எழுத்துக்கூட்டிப் படிக்க நாலு நாள் ஆனதாம். பத்திர எழுத்து நமக்கே புரியாது, அப்பத்தாவுக்கு எப்படி இருந்திருக்கும்! ஒத்தி என்ற வார்த்தையை அதில் தேடித் தேடிப் பார்த்திருக்கிறது. இல்லை. ‘கிரயம்’ என்று இருந்தது. சுத்தக் கிரயம். நிலத்தை விற்றுவிட்டதாகவே எழுதிக் கைநாட்டு வாங்கியிருந்தார்கள். சின்ன அத்தையைக் கூப்பிட்டு இந்த வார்த்தை என்ன என்று கேட்டது. அத்தை படித்துச் சொன்னதும் மறுபடி கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரி சோறு சாப்பிடவில்லை என்று அத்தை சொல்லும். வக்கீலிடம் போனார்கள். காலம் கடந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த நிலம் வரவே இல்லை. இன்றைக்கும் அந்தக் கிணற்றடியைத் தாண்டித்தான் நாங்கள் பஸ் ஏறப் போகிறோம்.

படித்ததால் என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால் எனக்கு இதுதான் தோன்றும். படித்ததால் முதலில் கிடைத்தது துக்கம். தெரியாமலே இருந்திருக்கலாமே என்று அப்பாகூட ஒரு தடவை சொன்னார். “தெரியாம இருந்திருந்தா இன்னும் ஒண்ணுக்கு நாட்டு வச்சிருப்பேன்” என்றது அப்பத்தா.

தாத்தா 1998ல் இறந்தார். பாகப்பிரிவினை வந்தது. தமிழ்நாட்டில் 1989லேயே பெண்பிள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்த வருஷம் மார்ச் 25க்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்கு அந்தப் பங்கு கிடையாது. சின்ன அத்தைக்கு அதற்குப் பிறகுதான் கல்யாணம். பெரிய அத்தைக்கு எப்போதோ முடிந்துவிட்டது. பிறந்த வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்ட இரண்டு பேரில் ஒருத்திக்கு உண்டு, ஒருத்திக்கு இல்லை. அப்பத்தா இதை நாலைந்து பேரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, சின்ன மகளுக்குச் சட்டப்படி உள்ளதைக் கொடுக்கச் சொன்னது. பெரிய மகளுக்குத் தன் பங்கில் இருந்து எழுதிக் கொடுத்தது. அப்பாவும் பெரியப்பாவும் ஆறு மாசம் அப்பத்தாவிடம் பேசவில்லை. சோறு அம்மாதான் கொண்டுபோய் வைக்கும். எனக்கு அப்போது பத்து வயசு. இந்த முறை பத்திரத்தில் அப்பத்தா கைநாட்டு வைக்கவில்லை. ஒவ்வொரு பக்கமும் தானே படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டது. எழுத்தர் பொறுமை இழந்து வெளியே டீ குடிக்கப் போய்விட்டு வந்தாராம். 2005ல் நாடு முழுக்கச் சட்டத்தை மாற்றினார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று அப்பத்தா பேப்பரை மடித்து அப்பா கண்ணில் படுகிற இடத்தில் வைத்தது. ஒன்றும் சொல்லவில்லை.

குழு ஆரம்பித்த கதைக்கு வருகிறேன். சுய உதவிக்குழுக்கள் தமிழ்நாட்டில் முதலில் 1989ல் தர்மபுரி ஜில்லாவில்தான் தொடங்கின. சர்வதேச வேளாண் நிதியத்தின் உதவியோடு நடந்தது. பிறகு 1997-98ல் மகளிர் திட்டம் என்று மற்ற ஜில்லாக்களுக்கும் வந்தது. எங்க ஊரில் அதற்கு அடுத்த வருஷம் முதல் குழு. அறிவொளியில் படித்தவர்களும் படிப்புச் சொல்லிக் கொடுத்தவர்களும்தான் பெரும்பாலும் சேர்ந்தார்கள். சைக்கிள் ஓட்டியவர்களுக்கு வங்கிக்குப் போக யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்பத்தாவுக்கு இங்கேயும் வயசு தாண்டிவிட்டது. 60க்கு மேலே சேர்க்க முடியாது என்றார்கள். அதனால் என்ன, கூட்டம் நடப்பதே எங்க திண்ணையில்தான். சந்தா கட்டாத உறுப்பினர் என்று எல்லோரும் கேலி செய்வார்கள்.

அந்த முதல் குழுவின் தீர்மான நோட்டு இன்னும் இருக்கிறது. மூன்றாவது கூட்டத்தில் ஒரு தீர்மானம்: எந்தக் காகிதமாக இருந்தாலும் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படித்த பிறகே உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். முன்மொழிந்தவர் என்ற இடத்தில் வேறு அக்கா பேர்தான் இருக்கிறது, ஏனென்றால் அப்பத்தா உறுப்பினர் இல்லை. யார் சொல்லி எழுதியது என்று எல்லோருக்கும் தெரியும். வங்கிக் கடன் விண்ணப்பம் எத்தனை பக்கம் இருந்தாலும் எங்க குழுவில் இன்றைக்கும் படிக்கிறோம். வங்கியில் எங்களைப் பார்த்தாலே இவர்களா, இன்றைக்கு மதியம் ஆகிவிடும் என்பார்கள்.

2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றபோது, எங்க தெருவில் கிழவிகள் பலர் சிறுவாட்டுப் பணத்தை வெளியே சொல்லவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் தவித்தார்கள். அப்பத்தா மறுநாளே ஏழு 500 ரூபாய் நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு வீடு வீடாகப் போய் மற்றவர்களிடமும் பேசியது. அடுத்தது 2018 நவம்பர் 16, கஜா புயல். நம்ம ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கத்துத் தென்னையும் பலாவும் எப்படிப் போனது என்று உங்களுக்கு நான் எழுத வேண்டாம். பெரியப்பா பிறந்த வருஷம் அப்பத்தா நட்டு வைத்த பலா, எழுபது வருஷ மரம், வேரோடு சாய்ந்து கிடந்தது. அதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, “கஜான்னு யாருத்தா பேரு வச்சது?” என்று கேட்டது. இலங்கைக்காரர்கள் கொடுத்த பேர், யானை என்று அர்த்தம் என்று சொன்னேன். “யானைதான்” என்றது.

கடைசி இரண்டு வருஷம் கண் மங்கிவிட்டது. பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளைப் பாடப்புத்தகம் படிக்கச் சொல்லிக் கேட்கும். எங்க மகள் சமூக அறிவியலில் முத்துலட்சுமி ரெட்டி பாடம் படித்தபோது, அது நம்ம ஊர்ப் பொண்ணு என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டது. உண்மைதான், புதுக்கோட்டையில் 1886ல் பிறந்தவர். ராஜா கல்லூரியில் ஆண்கள் மட்டும் படித்த காலத்தில் ராஜாவே அனுமதி கொடுத்துச் சேர்ந்தவர், 1912ல் டாக்டர் ஆனவர், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர். அந்தப் பொண்ணு கல்லூரிக்குப் போனதைப் பற்றி டவுனில் பேசிய பேச்சைத் தன் ஆத்தா சொல்லக் கேட்டிருப்பதாக அப்பத்தா சொன்னது. “அப்பவும் இதே பேச்சுத்தான், சைக்கிளுக்கும் இதே பேச்சுத்தான்” என்றது.

அப்பத்தா எழுதி வைத்த நோட்டு மூன்று எங்க வீட்டில் இருக்கிறது. பால் கணக்கு, கடலை மூட்டைக் கணக்கு, யார் யாருக்கு மொய் என்று பெரும்பாலும் கணக்குத்தான். நடுநடுவே யாரிடமாவது கேட்க வேண்டிய கேள்விகளைக் குறித்து வைத்திருக்கிறது. ‘போருக் குழாயில் தண்ணி ஏன் சூடா வருது’, ‘ஆதாரில் கைரேகை ஏன் விழல’, ‘பேத்தி மக்களுக்குப் பங்கு உண்டா’ என்று. பதில் கிடைத்ததற்கு எல்லாம் பக்கத்தில் ஒரு டிக் இருக்கும்.

ஒரு வேண்டுகோள். 1992 சைக்கிள் ஊர்வலத்தில் போனவர்கள், அறிவொளியில் சொல்லிக் கொடுத்தவர்கள், படித்தவர்கள் நம் கூட்டமைப்பில் இன்னும் பலர் இருக்கிறீர்கள். உங்க பேரை ஒரு இடத்தில் எழுதி வைத்தமாதிரி எனக்குத் தெரியவில்லை. எங்க சின்ன அத்தைக்கு நினைவில் இருந்த 23 பேர் பெயரை நான் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் மாதக்கூட்டத்துக்கு வரும்போது பேரும் ஊரும், போட்டோ இருந்தால் அதையும், கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள். போட்டோவை நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுகிறேன்.